தம்பியின் முதல் வோட்டு

நியூ ஜெர்சியில் இருந்த என் தம்பிக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்த வருடம், பாரிஸில் எனக்கு நித்திரை போனது. எண்பதுகளின் நடுப்பகுதி. நவம்பரில் அங்கே சனாதிபதித் தேர்தல். தம்பிக்கு முதல்முறையாக வோட்டு வந்திருக்கிறது, அவன் அதைப் போட்டே ஆக வேண்டும். யாருக்குப் போடப்போகிறான் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. யானைக் கட்சியோ கழுதைக் கட்சியோ, எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

என் கதையைச் சொன்னால்தான் இந்தப் பதற்றம் விளங்கும். யாழ்ப்பாணத்தில் எனக்கு வோட்டு வந்த முதல் தேர்தலன்று, சேலையை வடிவாக உடுத்திக்கொண்டு ஆறுதலாக வெளிக்கிட்டு, வெயில் ஏறியபிறகுதான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாக்குச்சாவடி அங்கேதான். மேசையில் இருந்தவர் என் பெயரைத் தேடிப் பிடித்தார். அதன் மேல் அடிமட்டம் வைத்து நேராக ஒரு கோடு கீறியிருந்தது.

“தங்கச்சி, உங்கடை வோட்டு விழுந்திட்டுது,” என்றார்.

கள்ள வோட்டு. என் பெயரைச் சொல்லிக்கொண்டு எவளோ விடியவே வந்து போட்டுவிட்டுப் போயிருந்தாள். மை பூசுவார்கள் என்று நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அங்கே ஆளாளுக்கு ஒரே பாட்டு: “வேளைக்குப் போயிருக்க வேணும்.” அடுத்த தேர்தல் வருவதற்குள் நான் நாட்டை விட்டே வந்துவிட்டேன். அந்தக் கோட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிரான்சில் என்னிடம் இருந்தது ரெசிப்பிசே. அகதியாக விண்ணப்பித்தவர்களுக்குக் கொடுக்கிற தற்காலிகத் தாள் அது. தவணை முடிய முடியப் பிரிபெக்சர் அலுவலக வாசலில் கால்கடுக்க நின்று புதுப்பிக்க வேண்டும். வோட்டுக்கும் எனக்கும் இனிச் சரிவராது என்று விளங்கியபடியால் தம்பியின் வோட்டைப் பிடித்துக்கொண்டேன். ஒபர்வில்லியேயில் ஒரு தையல் பட்டறையில் காற்சட்டைகளுக்குச் சிப் தைப்பது என் வேலை. தேர்தல் கிட்டக் கிட்டச் சிப்புகள் கோணலாகப் போயின. பக்கத்து மெசினில் இருந்த அண்ணை எட்டிப் பார்த்தார்.

“அமெரிக்காவிலை ஆர் வெண்டால் என்ன பிள்ளை, உமக்குச் சிப் நேராப் போனால் காணும்.”

நக்கல். அந்தக் கிழமை முழுக்க அவரோடு நான் கதைக்கவில்லை.

லாச்சப்பல் மெத்ரோப் பாலத்துக்குக் கீழே ஒரு டெலிபோன் கூண்டு இருந்தது. ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் சனம் அதற்கு முன்னால் வரிசை கட்டி நிற்கும். தம்பிக்குப் பின்னேர வேலை, காலையில் மரக்கட்டைபோலக் கிடந்து தூங்குவான். இங்கே பின்னேரம் என்றால் அவனுக்குக் காலை. போன் அடித்து எழுப்பினேன்.

“செவ்வாய்க்கிழமை விடிய எழும்பு. கதவு திறக்கமுன்னம் போய் நில்.”

“இஞ்சை இரவு வரைக்கும் போடலாம் அக்கா. ஆறுதலாப் போறன்.”

“ஆறுதலாப் போனவை பட்ட பாடு எனக்குத் தெரியும். பிந்தினால் உன்ரை வோட்டை ஆரும் போட்டிடுவாங்கள்.”

“இது அமெரிக்கா அக்கா!”

“எந்த நாடெண்டாலும் மனிசர்தானே இருக்கினம்?”

கடைசியில் எழும்புகிறேன் என்றான். எனக்குப் பாதி உயிர் வந்தது.

அதைக் கெடுத்தவர் எங்கள் மேல்மாடிப் புதுச்சேரி அம்மா. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். பிரான்சில் தேர்தல் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வரும். பூசை முடிந்ததும் கணவரும் மனைவியுமாக நல்ல உடுப்போடு வோட்டுப் போடப் போவதைப் படிக்கட்டில் நின்று வயிற்றெரிச்சலோடு பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கூண்டிலிருந்து திரும்பி வந்து, தம்பிக்கு வோட்டு வந்த புதினத்தைச் சொன்னதும் அவர் கேட்டார்:

“சந்தோஷம்மா. பேரை எழுதிட்டாரா? இங்க நாமதான் மெரிக்கு, நகராட்சி ஆபீசுக்குப் போய் எழுதிக்கணும். யாரும் வீடு தேடி வரமாட்டாங்க.”

எங்கள் ஊரில் கிராம அதிகாரி விதானையார் சைக்கிளில் வீடு வீடாக வந்து, யாருக்கு வயது வந்தது, யார் செத்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார். நாங்கள் குறட்டை விட்டாலும் எங்கள் பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறிவிடும். வோட்டு வேண்டும் என்று தானே போய்க் கேட்க வேண்டிய நாடுகள் உலகத்தில் இருக்கின்றன என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. கூண்டுக்கு ஓடினேன். உள்ளே நின்றவர் யாருக்கோ கலியாணம் பேசிக்கொண்டிருந்தார். முடிவதாக இல்லை. கண்ணாடியில் தட்டி அவரை வெளியே எடுத்தேன்.

“தம்பி, பேர் பதிஞ்சனியோ?”

“அதெல்லாம் அவையள் எழுதியிருப்பினம் அக்கா. சத்தியப்பிரமாணம் எடுத்தனான்தானே? என்ரை அட்ரஸ் அவையளிட்டை இருக்கு.”

அவனும் விதானையார் வந்து எழுதுவார் என்று இருந்து வளர்ந்த பிள்ளைதான். அவன் சொன்னது எனக்குச் சரியாகவும் பட்டது, பயமாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை தலையிடி என்று சொல்லிப் பட்டறையில் இருந்து வேளைக்கே கூண்டுக்கு வந்துவிட்டேன். மணி அடித்ததும் எடுத்தான்.

“போட்டியோ?”

“இல்லை அக்கா. என்ரை பேர் விழுந்திட்டுது.”

“ஆர் போட்டது?” என்று கத்தினேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஒருத்தரும் போடேல்லை. பேரே அங்கை இல்லை. முன்னமே போய்ப் பதிஞ்சிருக்க வேணுமாம். நான் பதியேல்லை.”

கதவு திறக்கமுன்னம் போய், முதல் ஆளாக நின்றிருக்கிறான் பாவி. கள்ளனுக்காக நான் இத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. கள்ளனே இல்லையே.

“மேசையிலை வயசுபோன கறுப்பு மனுசி ஒண்டு இருந்தது அக்கா,” என்றான் மெதுவாக. “நல்லா ஏசிப்போட்டுது. அமெரிக்காவின்ரை தெற்கிலை தன்ரை தாய் பேர் பதியப் போகேக்கை, கறுப்பெண்டதாலை கேள்விக்கு மேலை கேள்வி கேட்டு ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினவங்களாம். உன்னை ஆரும் மறிச்சவையோ, பிறகேன் பதியேல்லை எண்டு கேட்டுது.”

“நீ என்ன சொன்னனி?”

“விதானையார் வருவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான் எண்டு அந்த மனுசிக்கு எப்பிடி அக்கா சொல்லுறது?”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு. ஆனால் அன்று இரவு முழுக்க மனதில் நின்றது அந்தத் தாய்தான். முகம் தெரியாத ஒருத்தி, ஒவ்வொரு முறையும் உடுத்திக்கொண்டு போய், ஒவ்வொரு முறையும் திரும்பி வந்திருக்கிறாள். நான் ஒரே ஒரு தரம்தான் திரும்பி வந்தேன். அதற்கே இந்தப் பாடு.

தம்பி அந்தக் கிழமையே பதிந்துவிட்டான். நான் நம்பவில்லை. எடுக்கிற போதெல்லாம் கேட்டேன், வெறுத்துப்போய் ஒருநாள் போனை வைத்துவிட்டான். அடுத்த நவம்பரில் அங்கே ஆளுநர் தேர்தல். பாரிஸில் அதைப் பற்றி ஒரு குருவிக்கும் தெரியாது. எனக்கு மட்டும் திரும்பவும் நித்திரை போனது, திரும்பவும் சிப் கோணியது. “விடியவே போ” என்று திரும்பவும் சொன்னேன். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

அன்றைக்கு மழை. கூண்டுக்குள் நனைந்த சேலையோடு நின்று எண்களைச் சுழற்றினேன்.

“போட்டியோ?”

“ஓம் அக்கா.”

“பேர் இருந்ததோ?”

“இருந்தது.”

கேட்கப் பயமாக இருந்தது. கேட்டேன். “மேலை கோடு கீறியிருந்ததோ?”

“இல்லை அக்கா. பேருக்குப் பக்கத்திலை இடம் வெறுமையாக் கிடந்தது. எனக்கெண்டு விட்டிருந்தவை. நான்தான் கையெழுத்து வைச்சனான்.”

அதற்குப் பிறகு அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். வெளியில் நின்று கண்ணாடியில் தட்டப் போனவர்கள், என் முகத்தைக் கண்டதும் கையை இறக்கிவிட்டார்கள். ஊரில் சண்டை நடந்த அந்த வருடங்களில் அந்தக் கூண்டுக்குள் நின்று அழுதவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகத்தான் அழுதார்கள். நான் கதவைத் திறந்ததும் முன்னால் நின்றவர் குடையை என் தலைக்கு மேல் பிடித்தார்.

“பிள்ளை, ஊரிலை ஆரும் தவறிப்போயிட்டினமோ?”

“இல்லை அண்ணை,” என்றேன். “என்ரை தம்பி வோட்டுப் போட்டிட்டான்.”