நாற்பத்தொன்றாம் கேள்விக்கு ஒரு டிக்

சிறையில் எல்லோருக்கும் அவள் கண்டக்டரம்மா. பத்தொன்பது வருஷம் பஸ்ஸில் விசில் ஊதியவள். மகளைக் கைநீட்டி அடித்த கொழுந்தனை நாற்காலியால் சாத்தினாள். அவனுக்குத் தோள்பட்டை எலும்பு போனது, அவளுக்கு மூன்று வருஷம் போனது.

முன்கூட்டியே விடுதலை வேண்டுமானால் அறுபது கேள்விகளுக்குத் தன் கையாலேயே பதிலை டிக் அடித்துத் தர வேண்டும். வெளியே போனால் மறுபடி தப்பு செய்வாளா என்று அந்தத் தாள் கண்டுபிடித்துவிடுமாம். தேறினால் ஆறு மாதம் முன்னதாகவே மகளிடம் போகலாம்.

சலவைக் கூடத்தில் ஒரு புத்திசாலி வழி சொன்னாள்: எல்லாவற்றுக்கும் 'ஒருபோதும் இல்லை'. விடுதலை கேட்டிருந்த பதினான்கு பேரும் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தார்கள். 'யார்மேலாவது எரிந்து விழுந்ததுண்டா' என்பதற்கும் அதே பதில்தான். பொய்யைப் பிடிக்கவென்றே செருகி வைத்த கேள்வி அது! பதினான்கு தாளும் 'நம்பத்தகாதவை' என்று திரும்பி வந்தன.

"இந்தத் தடவை உண்மைய எழுதுங்கம்மா" என்றார் தாளைத் திருத்தும் சிறை ஆலோசகர். சின்னப் பெண், நல்ல பெண்.

மற்றவர்கள் கொஞ்சூண்டு கோபம், ஒரே ஒரு சண்டை என்று அளந்து அளந்து ஒப்புக்கொண்டார்கள். கண்டக்டரம்மாவுக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. நாற்பத்தொன்றாம் கேள்வி: 'அதே நிலைமை வந்தால் மறுபடியும் அப்படியே செய்வீர்களா?' பேனா தாளில் பதிய, 'நிச்சயமாக' என்பதற்கு டிக் அடித்தாள்.

ஆலோசகருக்கு முகம் வாடிவிட்டது. "இந்த ஒண்ணுதாம்மா கெடுக்குது. வேற தாள் தரேன், மாத்திடுங்க."

"உண்மைய எழுதச் சொன்னது நீங்கதானே மேடம்? பொய் சொன்னா நம்பமாட்டேங்கறீங்க, நெஜத்தச் சொன்னா பயப்படறீங்க. என் பொண்ணுமேல கை வெச்சா அடிப்பேன். வேற எவன் வம்புக்கும் போகமாட்டேன். அதக் கேக்க உங்க தாள்ல எடமே இல்லையே!"

'ஆபத்து அதிகம்' என்று முடிவு வந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை. ஆத்திரம் ஒருபக்கம், மகளிடம் என்ன சொல்வது என்ற பயம் ஒருபக்கம். போனில் ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். மறுமுனையில் மகள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் பார்வையாளர் அறைக்கு வந்த மகளின் கண்கள் வீங்கியிருந்தன.

"கோவமாடி?"

"இருந்துச்சு. நேத்து சித்தப்பா வந்தான். 'இன்னும் ஆறு மாசத்துக்கு உனக்கு யாரு இருக்கா'ன்னு கேட்டான்."

கண்டக்டரம்மாவின் கை மேஜை விளிம்பை இறுகப் பிடித்தது. "நீ என்ன சொன்ன?"

"நாப்பத்தொண்ணாம் கேள்விக்கு நீ என்ன எழுதினேன்னு சொன்னேன். செருப்ப மாட்டிக்கிட்டு எறங்கிப் போயிட்டாம்மா."