இருமல் நின்னப்புறம் எதுக்கு மாத்திரை?

மேரியக்கா இறந்துவிட்டார். நேற்று சாயங்காலம். காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள்...

எழுபதுகளின் தொடக்கம். தருமபுரி பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, டிபி வார்டு. நான் நர்ஸ், மேரியக்கா வார்டு ஆயா. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர்.

கன்னடம் பேசுகிற ஊர்களிலிருந்து நிறைய பேர் வருவார்கள். எனக்குக் கன்னடம் வராது. நான் தமிழில் சொல்வதை மேரியக்கா கன்னடத்தில் சொல்வார்.

கௌரம்மா என்று ஒரு பெண். இடுப்பில் கைக்குழந்தை. ஊசி, மாத்திரை என்று இரண்டே மாதத்தில் இருமல் நின்றுவிட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது, "ஒன்றரை வருஷம் மாத்திரையை நிறுத்தக் கூடாது, கோர்ஸ் முடிக்கணும்" என்றேன். புத்தகத்தில் இருந்த வாக்கியம். மேரியக்கா அதைக் கன்னடத்தில் சொன்னார். அவள் என்னவோ கேட்டாள், இவர் என்னவோ சொன்னார். தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஆறு மாதம் கழித்து வாயில் ரத்தத்தோடு தூக்கி வந்தார்கள். மாத்திரையை எப்போதோ நிறுத்தியிருக்கிறாள்.

நான்கு நாள்தான் இருந்தாள்.

கட்டிலைக் கழுவிக்கொண்டே மேரியக்கா கேட்டார். "இருமல் நின்னப்புறம் எதுக்குங்க சிஸ்டர் மாத்திர? அன்னிக்கு அந்தப் பொண்ணு இதத்தான் கேட்டுச்சு. சிஸ்டர் சொல்றாங்க, சாப்புடும்மான்னு மட்டுந்தான் என்னால சொல்ல முடிஞ்சுது."

"கிருமி முழுசா சாவணும்க்கா."

"இருமல் நின்னா செத்துருச்சுன்னுதானேங்க?"

பரீட்சையில் அந்தப் பாடத்தில் நான்தான் முதல் மார்க்.

மறுபடி புத்தகத்தை எடுத்தேன். டாக்டரிடம் போய் நின்றேன். மூன்று நாள் ஆயிற்று.

"காட்டுல கோரை புடுங்குறோம்லக்கா? மேல பச்சையே தெரியாது. கிழங்கு அடியில கெடக்கும், மழை பேஞ்சா மொளைக்கும். இருமல் மேல இருக்குற புல்லு. கொஞ்சம் கிருமி உள்ள தூங்கிட்டிருக்கும். அது முழிக்கறப்ப மருந்து உடம்புல இருக்கணும்."

துடைப்பத்தைச் சாத்திவிட்டு யோசித்தார். "அப்ப ஒரே மருந்து பத்தாதுங்களா? எதுக்கு ரெண்டு?"

திரும்பவும் புத்தகம். திரும்பவும் டாக்டர்.

ஒரு மருந்துக்குத் தப்புகிற கிருமி இன்னொன்றில் மாட்டும் என்றேன். "ஒண்ணுதான் குடுத்தோம்னா, தப்புனது குட்டி போட்டு அதுங்களும் தப்பிச்சுக்கும்... அப்படித்தானுங்க?" என்றார்.

அதுதான் அடுத்த பாரா. நான் மனப்பாடம் செய்து, எழுதி, மறந்துபோன பாரா.

அதன்பிறகு வீட்டுக்குக் கிளம்புகிற ஒவ்வொருவரையும் உட்கார வைத்து அவரே கோரையைச் சொன்னார். எல்லாரும் கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருமல் நின்ற பிறகும் மாத்திரைக்கு வந்து நிற்பவர்கள் அதிகமானார்கள்.

கௌரம்மாவைப் பற்றி நாங்கள் இருவரும் அப்புறம் பேசியதே இல்லை.

இன்று போனில் மேரியக்காவின் மகள் கேட்டாள். "ஹார்ட் ஃபெயிலியர்னு எழுதிக் குடுத்தாங்க சிஸ்டர். அப்படின்னா என்னாங்க? அம்மா நல்லாத்தானே பேசிட்டிருந்துச்சு..."

சொன்னேன். மோட்டாருக்கு இழுக்கிற பலம் குறைந்தால், கிணற்றில் தண்ணீர் இருந்தும் கடைசி வயலுக்கு எட்டாது என்று... நிதானமாகவே சொன்னேன். யாரோ ஒரு நோயாளியின் மகளுக்குச் சொல்வது மாதிரி.

"இப்பப் புரியுதுங்க" என்றாள்.

போனை வைத்தேன். அழுகை வரவில்லை. அரிசி களைந்து உலையில் போட்டேன்.

நாளை கம்பைநல்லூரில் அடக்கம். முதல் பஸ்ஸில் போகிறேன்.

மேரியக்கா... வர்றேங்க.