சுத்திகரிப்பு நிலையத்து மீன்கள்

என் மகளையும் சேர்த்து அவள் வகுப்பில் விலங்கியல் பட்டம் முடித்தவர்கள் இருபத்துமூன்று பேர். பதினொரு பேருக்குக் கல்யாணமாகிவிட்டது. ஆறு பேர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். நான்கு பேர் பி.எட். படிக்கப் போனார்கள். ஒருத்தி மருந்துக் கடையில். மீதி ஒருத்தி என் மகள். சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் ஆய்வக வேலை. படிப்புக்கேற்ற வேலை இவளுக்கு மட்டும்தான் என்று எங்கள் ராயபுரத்தில் நான் சொல்லாத வீடு இல்லை.

இரண்டாம் மாதம் அங்கிருந்து போன் செய்தாள். "அப்பா, வளக்குற மீனு ஆறு வாங்கியாந்து வாட்ச்மேன்கிட்டக் குடுத்துருங்க. சின்னதா இருந்தாப் போதுமுங்க."

ஏதோ ஆராய்ச்சி என்று பூரித்துப்போய், எண்ணி வாங்கிக் கொடுத்தேன். பத்து நாளில் இன்னோர் ஆறு. எட்டு நாள் கழித்து மறுபடியும் ஆறு. அன்று வாசலில் வாட்ச்மேன் இல்லை. மீன் பையோடு நானே உள்ளே போனேன்.

முன்னறையில் கண்ணாடித் தொட்டி. 'சுத்திகரித்த நீரில் வாழும் மீன்கள்' என்று பலகை. செத்த மீன்களை மகள் வலையில் அள்ளிக்கொண்டிருந்தாள். எண்ணினேன். ஆறு.

"சரியான நேரத்துக்கு வந்தீங்கய்யா. போன தடவ குடுத்தத நேத்துத்தான் இதுல உட்டோம், போயிருச்சு," என்றான் மேனேஜர். "பதினோரு மணிக்கு துணி வாங்குற வெளிநாட்டு பையர் வர்றாங்க."

"ஏனுங்க, இதுல உட்டா இதுகளும் செத்துருமுங்களே?"

"மத்தியானம் வரைக்கும் தாங்குமுங்க. அதுக்குள்ள அவங்க போயிருவாங்க." சிரித்தான்.

நான் கொண்டுபோன மீன்களைத் தொட்டியில் விட்டதும் நோட்டை மகளிடம் நீட்டினான். 'உயிருள்ள மீன்கள்: 6.' கீழே அவள் கையெழுத்து வேண்டும், பட்டத்தோடு. பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வேண்டாம் கண்ணு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கீழே வைத்திருப்பாள். ராயபுரத்து வீடுகள் நினைவுக்கு வந்தன. காலிப் பையை மடித்துக்கொண்டேன். போட்டாள்.

மூன்று வருடம் உட்கார்ந்து மீனின் செவுளை வரைந்து வரைந்து படித்த பெண்ணைச் சாகப்போகும் மீனுக்குச் சாட்சியாக்கினார்கள், பாவிகள். அந்த மீனை எண்ணி வாங்கிக் கொடுத்தவன் நான். பதினெட்டு.

அந்த வாரமே வேலையை விட்டாள். பனியன் கம்பெனியில், தைத்ததை எண்ணிச் சரிபார்க்கும் செக்கிங்கில் சேர்ந்தாள். ஆறு பேர் ஏழானார்கள்.

"துணி எண்ணறதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்?" என்று கத்தினேன்.

டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள்: "பனியன் கம்பெனில ஆறுன்னு எழுதுனா, சாயங்காலமும் ஆறு இருக்குமுங்கப்பா."