முப்பத்தொரு கோடு

வேலையில்லாமல் கிடந்த மனிதனிடம் ஒரு வேலையைக் கொடுத்தால், சொன்னதோடு நிறுத்தத் தெரியாது அவனுக்கு. அடைக்கலசாமிக்கும் தெரியவில்லை. அதற்கு அவர் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

ஆவூர்க்காரர். புதுக்கோட்டை அரண்மனை மோட்டார் கொட்டகையில் பதினாறு வருடம் ஸ்பேனர் பிடித்தவர். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போனது, கொட்டகை வேலையும் போனது. அதன்பிறகு பெட்ரோமாக்ஸ் விளக்கும் பூட்டும் பழுது பார்த்துத்தான் பிழைப்பு. மனைவி அமலராணியின் காதில் தோடு இருந்த இடத்தில் ஈர்க்குச்சி இருந்தது. நாலு பிள்ளைகளுக்கும் இரண்டு வேளை கேப்பைக் கூழ்.

அடுத்த வருடம் பங்குனியில் கந்தர்வக்கோட்டைப் பக்கத்துப் பெரிய விவசாயி ரெங்கசாமி அவரைத் தேடி வந்தார். பஸ் கம்பெனி ஒன்றில் பங்கு உள்ளவர். துண்டில் சுற்றிக் கொண்டுவந்ததைப் பிரித்து வைத்தார். சீமையிலிருந்து வந்த பித்தளைத் தூண்டில் ரீல், உள்ளங்கை அகலம். பச்சைக் களிம்பு ஏறி, கைப்பிடி இறுகி, பட்டு நூல் மக்கிக் கிடந்தது.

"எம் மகனோடது. களிம்பை எடுத்து, சுத்துற மாதிரி பண்ணிக் குடு அடைக்கலம். வேலை சுத்தமா இருந்தா நம்ம பஸ் ஷெட்டுல ஒனக்கு ஒரு எடம் சொல்றேன்."

அந்த மகன் மூன்று வருடத்துக்கு முன் டைபாய்டில் இறந்துபோனது ஊருக்கே தெரியும். அதற்கு மேல் ரெங்கசாமி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. மனிதர்களுக்கு வேண்டாத இடத்தில்தான் வாய் நீளும்.

அடைக்கலசாமி ரீலை இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார். திருகாணிகளைத் தலை சிதையாமல் கழற்றினார். உள்ளே ஒரு பல் உடைந்திருந்தது. பழைய கடிகாரத்தின் சுருள்வில் துண்டை ராவி அதற்குப் பொருத்தினார். கைப்பிடியைச் சுற்றியதும் கிர்ரென்று சத்தம் வந்தது. அத்தோடு முடிந்தது வேலை.

ஆனால் அவர் வீட்டு ஆண்களுக்குத் தலைமுறையாக ஒரு முறை உண்டு. ஈஸ்டருக்கு முன் ஆவூர்க் கோவிலின் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளைப் புளியும் செங்கல்பொடியும் போட்டு அவர்கள்தான் தேய்க்க வேண்டும். ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது. இருந்தால் அந்தக் குடும்பத்துக்கே அவமானம். களிம்பு போனதும் ரீலின் பின்தகட்டில் வரிசையாகக் கீறல்கள் தெரிந்தன. ஷெட் வேலை கண்ணுக்கு முன்னால் நிற்க, அரைநாள் உட்கார்ந்து அத்தனையையும் தேய்த்து எடுத்தார். முகம் பார்க்கலாம், அப்படி மின்னியது.

ரெங்கசாமி வந்தார். கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். பிறகு ரீலைத் திருப்பிப் பெருவிரலால் தடவினார். மறுபடி தடவினார்.

"இதுல கோடு இருக்குமே?"

"கீறலுங்களா? ஒண்ணு விடாமத் தேய்ச்சு எடுத்துட்டேங்க அய்யா," என்றார் அடைக்கலசாமி, பெருமையாக.

ரெங்கசாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒவ்வொரு மீனுக்கும் ஆணியால ஒரு கோடு போடுவான். நான் எண்ணிப் பாத்ததே இல்ல. களிம்பு மூடிப் போச்சு. நீ சுத்தம் பண்ணிக் குடுத்தா எண்ணலாம்னு இருந்தேன்." அண்ணாந்து பார்த்தார். "நீ எண்ணினியா அடைக்கலம்?"

எண்ணவில்லை. கீறலை யார் எண்ணுவார்கள்? ஆனால் எதிரே இருந்த முகத்தைப் பார்த்தபோது அவர் வாய் முந்திக்கொண்டது.

"முப்பத்தொண்ணுங்க அய்யா."

அந்தப் பொய்யை இரக்கத்தில் சொன்னாரா, வேலைக்காகச் சொன்னாரா என்பது அவருக்கே கடைசிவரை பிடிபடவில்லை. ரெங்கசாமி இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வேலை அந்த வாரமே கிடைத்தது. பிள்ளைகள் சோறு தின்றார்கள்.

மகனின் திதி அன்று ரெங்கசாமி முப்பத்தொரு இலை போட்டு ஏழைகளுக்குச் சாப்பாடு போட ஆரம்பித்தார். வருடா வருடம். முதல் இலையில் அடைக்கலசாமி உட்கார வேண்டும் என்று பிடிவாதம். "எம் மகன் கணக்கைக் காப்பாத்திக் குடுத்தவரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அடைக்கலசாமி பாதிச் சோற்றோடு இலையை மூடிவிடுவார்.

முதல் வருடமே கோவில் சாமியாரிடம் போய், சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்தார். "அவர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டு வா, அப்புறம் நன்மை வாங்கு" என்றார் சாமியார். அடைக்கலசாமி சொல்லவில்லை. பயம், வேலை போய்விடும். நாலைந்து வருடம் கழித்து அந்தப் பயம் போய்விட்டது, ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை, அந்த நன்மையை, வாங்கவும் இல்லை. விசயம் அமலராணிக்கு மட்டும் தெரியும்.

அறுபத்தொன்றில் ரெங்கசாமி படுக்கையில் விழுந்தார். இந்தமுறை சொல்லியே தீருவது என்று அடைக்கலசாமி பஸ் ஏறிப் போனார். கட்டிலருகே உட்கார்ந்து வாயைத் திறப்பதற்குள் ரெங்கசாமி கேட்டுவிட்டார்.

"அடைக்கலம், அந்தக் கோட்டுல ஒண்ணு மட்டும் நீளமா இருந்துச்சா? நான் கோர்ட்டு விசயமா மெட்ராசுல கெடந்தப்ப, கை நீளத்துக்கு விரால் பிடிச்சேன், அதுக்குப் பெரிய கோடாப் போட்டிருக்கேன்னு காயிதம் எழுதினான்."

நோயாளி நிம்மதியாகப் போகட்டும் என்று நினைத்தார் அடைக்கலசாமி. அதுதான் அவர் செய்த இரண்டாவது தப்பு.

"இருந்துச்சுங்க அய்யா. மத்ததைவிட ரெண்டு மடங்கு."

ரெங்கசாமியின் முகம் கோணிக்கொண்டது. "அப்ப நெசமாத்தான் சொல்லியிருக்கான். படிக்காமப் பொய்யா சொல்லிக்கிட்டுத் திரியிறியான்னு அவனை ஏசி எழுதிட்டேனே. அதுக்கப்புறம் அவன் எனக்குக் காயிதமே போடலையே." சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அய்யா, அய்யா என்று எத்தனையோ தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை. மூன்றாம் நாள் உயிர் போயிற்று.

அடுத்த ஞாயிறு, பூசையில் எல்லாரும் நன்மை வாங்க எழுந்தார்கள். அமலராணி குனிந்து காதோடு சொன்னாள்: "அவுகதான் போயிட்டாகளே. சாமியாருகிட்டச் சொல்லிட்டு இனியாச்சும் வாங்குங்களேன்."

"அய்யாகிட்டச் சொல்லிட்டு வான்னுதான சாமியாரு சொன்னாரு. இனி எங்கிட்டுப் போயிச் சொல்ல?"

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.