யோகன் எறியவேண்டிய சனிக்கிழமை

போன கிழமை பனி அள்ளப் போய் இடுப்புப் பிடித்துக்கொண்டது. மார்க்கம் நகரில் மருந்துக்கடைப் பெண் தந்த களிம்பைப் பூசிக்கொண்டிருந்தபோது மனைவி மூக்கைப் பொத்தியபடி கேட்டாள்: "உந்த இடுப்போடயோ பேஸ்போல் விளையாடினனீங்கள்?" நியாயமான கேள்விதான். எனக்கே சில வேளை நம்பிக்கை வருவதில்லை.

அந்தக் களிம்பு மணம்தான் எங்கள் கல்லூரி அணியின் உடைமாற்றும் அறையின் மணம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. யோகன் அப்படியல்ல. மட்டக்களப்பிலிருந்து சின்ன வயதில் வந்து ரெக்ஸ்டேலில் வளர்ந்தவன், எங்கள் அணியின் முதலாவது பிட்சர், அதாவது பந்து எறிபவன். நான் ஊரில் கிரிக்கெட்டில் வேகப்பந்து போட்டவன் என்று கேள்விப்பட்டு என்னைக் கோச்சிடம் இழுத்துக்கொண்டு போனவனும் அவன்தான். ஊரில் கையை மடக்கி எறிந்தால் நோபோல். இங்கே மடக்காவிட்டால் கோச் கத்துவார். மடக்கப் பழக எனக்கு ஒரு கோடைகாலம் முழுக்கத் தேவைப்பட்டது.

அறைக் கதவில் எப்போதும் இரண்டு தாள்கள் ஒட்டியிருக்கும். ஒன்று பிட்சர்களின் முறை. கோயில் திருவிழாவில் இன்ன நாள் இன்னாருடைய உபயம் என்பார்களே, அதேபோலத்தான். ஒருவன் ஓர் ஆட்டம் எறிந்தால் பிறகு சில நாள் அவன் கைக்கு ஓய்வு, அடுத்த ஆட்டம் அடுத்தவனுடையது. நாலு பேரில் நான் நாலாவது. மற்றத் தாள் புள்ளிப் பட்டியல். ஆறு கல்லூரிகளில் முதல் நாலும் பிளேஓஃப் என்ற இறுதிச் சுற்றுக்குப் போகலாம். நாங்கள் ஐந்தாம் இடத்தில் குடியும் குடித்தனமுமாக இருந்தோம்.

கடைசி ஆட்டத்தை வென்றால் நாலாம் இடம் என்று வந்து நின்றது. நடுவிலுள்ள இருவருக்கும் முடியாததால் முறை என்னிடம் வந்தது. யோகன் அதற்கு முதல்நாள்தான் முழு ஆட்டம் எறிந்திருந்தான். வென்றால் அடுத்த சனிக்கிழமை பிளேஓஃபில் அவன் எறியவேண்டும். அவனைப் பார்க்க அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் அங்கே இலவசமாகப் படிக்கலாம், எறியலாம்.

"இண்டைக்கு மட்டும் நீ வெண்டு தா மச்சான். சனிக்கிழமை ஐ காட் இட், நான் பாத்துக்கொள்ளுறன்," என்றான்.

நான் நன்றாகத்தான் எறிந்தேன். ஒன்பது இன்னிங்ஸில் நாலு முடியும்போது நாங்கள் முன்னுக்கு நின்றோம். ஐந்தாவதில் எனக்குக் கொஞ்சம் களைப்பு. கோச் நடந்து வந்து கை எப்படி என்று கேட்டார். ஊரில் என்ன செய்வோம்? பந்தைக் கப்டனிடம் கொடுத்துவிட்டு, எல்லைக்கோட்டுப் பக்கம் நின்று இளைப்பாறி, கடைசி ஓவர்களுக்குத் திரும்பி வருவோம். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பில், களைப்பாக இருக்கிறது என்று பந்தை நீட்டினேன். வெளியே எடுத்த ஆள் அந்த ஆட்டத்தில் திரும்ப இறங்கவே முடியாது என்பது எனக்குத் தெரியாது. அதற்கு முதல் என்னை எடுத்தபோதெல்லாம் செம்மையாக அடி வாங்கிய பிறகே எடுத்தார்கள். திரும்பிப் போக எனக்கே ஆசை இருந்ததில்லை.

மற்ற இரண்டு பிட்சர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல், மற்றவனுக்குத் தோளில் காயம். கோச் தயங்கினார். யோகன் தானாகவே எழும்பி வந்து பந்தை வாங்கினான்.

ஓர் இன்னிங்ஸ் போனதும், நான் எப்போது திரும்பப் போவது என்று கோச்சிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டே வசனத்தில் விதியைச் சொன்னார். அதன்பிறகு ஆட்டம் முடியும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

வென்றோம். யோகனைத் தோளில் தூக்கி ஆடினார்கள். உடைமாற்றும் அறையில் அவன் முழங்கையில் ஐஸ் பையோடு என்னிடம் வந்தான்.

"கை சரியா நோகுதோடா?"

கிரிக்கெட் நினைப்பில் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஓம், சரியான நோ," என்றேன். அவன் தன் பையிலிருந்த ஐஸில் பாதியை எடுத்து ஒரு துவாயில் சுற்றி என் தோளில் வைத்தான். எனக்கு ஒரு நோவும் இல்லை. குளிர்தான் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை அவனால் முழங்கையை நிமிர்த்தவே முடியவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்தவர் வேலிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். யோகன் பிறகு எறியவேயில்லை.

இப்போது அந்தக் கல்லூரியில் பேஸ்போல் அணியே இல்லை. மில்லிக்கன் பக்கம் நாங்கள் விளையாடிய மைதானத்தில் வரிசையாக வீடுகள். கோச்சும் காலமாகிவிட்டார். எப்போது திரும்பப் போவது என்று நான் கேட்டதை அவர் கடைசிவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

போன கோடையில் ஒரு கலியாண வீட்டில் யோகன் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். "இந்த அங்கிள்தான். கை நோக நோக எங்களுக்காக நாலு இன்னிங்ஸ் எறிஞ்சவர்," என்றான். அந்தப் பிள்ளை என் கையைப் பக்குவமாகப் பிடித்து, "இப்பவும் நோகுமா அங்கிள்?" என்று கேட்டது. யோகன் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றான். உண்மையைச் சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"இடைக்கிடை நோகும், பிள்ளை," என்றேன்.