கை நனைத்த வீடு

புதுச்சத்திரம் வட்டாரத்தில் கல்யாணப் பந்தி என்றால் மயில்சாமிக்கு எதிர் இலையில் உட்காரப் போட்டி நடக்கும். அவர் சாப்பிடுவதைப் பார்த்தால் பார்க்கிறவனுக்கும் பசி எடுக்கும். அவசரமாக அள்ளிப் போடுகிற ஆள் இல்லை. பருப்புக்கு நெய் விட்டுப் பிசைவதில் ஒரு பதம், ரசத்துக்குச் சோற்றில் அணை கட்டுவதில் ஒரு பதம். பரிமாறுகிறவன் கை ஓய்ந்து நிற்கையில் இவர் நிமிர்ந்து, “தயிரு வருதுங்களா?” என்று கேட்பார். ஊரில் சிலருக்கு நிலத்தால் பெயர், சிலருக்குக் கோர்ட்டு வழக்கால் பெயர். இவருக்குச் சோற்றால் பெயர்.

அந்த வயிற்றுக்குத்தான் ஊர்க்கண் பட்டுவிட்டது என்று அவர் மனைவி சென்னியம்மாள் கடைசிவரை சொன்னாள். கண்ணுமில்லை, மண்ணுமில்லை, குடல்புண். சோடா உப்பைக் கரைத்துக் குடித்தே சில வருசத்தை ஓட்டினார். பிறகு தின்றதெல்லாம் திரும்பி வர ஆரம்பித்தது. காலையில் தின்ற கூழ் பொழுது சாய்கையில் அப்படியே வெளியே வந்தது. சேலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். இரைப்பையின் வாசல் புண்ணாகிப் புண்ணாகிச் சுருங்கி அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர்.

“பாதிக்கு மேல வெட்டி எடுத்திடுவோம். மிச்சத்தைக் குடலோட சேர்த்துத் தைச்சிடுவோம்.”

“மிச்சம்னா எத்தன இருக்குமுங்க?”

டாக்டர் தன் கையை மூடிக் காட்டினார். அவருக்குக் கை வேறு சின்னக் கை. மயில்சாமி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவுக்கு அவர் பயப்படவில்லை. பிழைத்து வந்தால் என்ன செய்வது என்பதுதான் பயம். கட்டிலில் படுத்தால் அந்த மூடிய கை கண்முன் வந்து நின்றது. ஆபரேசனுக்கு முந்தின நாள், இனி எதுவும் சாப்பிடக் கூடாது என்று நர்சு சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் கட்டில் காலி. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மிலிட்டரி ஓட்டலில் உட்கார்ந்து, இனி இந்த ஜென்மத்தில் கிடைக்காது என்று ஆட்டுக்கறிச் சோற்றைக் கண்ணில் நீர் வரத் தின்றுகொண்டிருந்தார் மனிதர். காரத்தில் வந்த கண்ணீர் என்று சர்வர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தான்.

திரும்பி வந்து வாந்தி எடுத்ததில் குட்டு வெளிப்பட்டது. டாக்டர் கத்தினார். ஆபரேசன் தள்ளிப்போனது. ஒருமுறை பயந்து முடிக்க வேண்டியதை மயில்சாமி இரண்டாம் முறையும் பயந்தார். இந்தத் தடவை சென்னியம்மாள் கட்டிலை விட்டு நகரவே இல்லை.

“ஏனுங்க, சோறு திங்காட்டி ஆம்பள இல்லீன்னு எவஞ் சொன்னானுங்க? எனக்கு நீங்க இருந்தாப் போதுமுங்க” என்றாள். தள்ளுவண்டியில் படுத்துப் போகும்போது அவர் அவள் கையை விடவில்லை. நர்சுதான் பிரித்துவிட்டாள்.

பிழைத்தார். ஆனால் வீட்டுக்கு வந்த மயில்சாமி வேறு ஆள். அவருடைய பெரிய வட்டில் பரணுக்குப் போனது. மகள் பொன்னாத்தாள் சின்னக் கிண்ணத்தில் குழையப் பிசைந்த சோற்றைக் கொண்டுவருவாள். அதை முடிக்கவே அவருக்கு வெகுநேரம் ஆகும். ஒரு வாய் கூடினால் நெஞ்சில் கல்லை ஏற்றியது போலிருக்கும். சாப்பாட்டோடு தண்ணீர் ஆகாது. இனிப்பு ஆகவே ஆகாது. ஆகாது என்றால் கேட்கிற ஆளா? ஒருநாள் வெல்லக் கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, மாட்டுக் கட்டுத்தறியில் சாய்ந்துவிட்டார். அன்றுமுதல் வெல்லப்பானை பொன்னாத்தாள் பொறுப்பு. அப்பனுக்கு எது சேரும், எத்தனை சேரும் என்பது அவளுக்குத் தெரிந்த அளவு டாக்டருக்கும் தெரியாது.

வெளியே யாருக்கும் சொல்லவில்லை. மஞ்சள் காமாலை, உடம்பு இளைத்துவிட்டது என்று சொல்லி வைத்தார்கள். வயிற்றைக் கிழித்தார்கள் என்றால் புற்று என்பார்கள். புற்று என்றால் பரம்பரை என்பார்கள். கட்டிக் கொடுக்கிற வயதில் பெண் இருக்கிற வீட்டில் எந்தத் தகப்பன் சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டுவான்?

பயந்தபடியே, நல்ல இடமும் அப்போதுதான் வந்தது. மயில்சாமியின் ஒன்றுவிட்ட அண்ணன், சின்னண்ணன் என்பவன், கொண்டுவந்த சம்பந்தம். திருச்செங்கோட்டுப் பக்கம் குமாரசாமி என்பவரின் மகன். கிணற்றில் வற்றாத தண்ணீர், பையனுக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை. அவர்கள் வந்து பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்துப்போனது. பொன்னாத்தாளும் பையனை நிமிர்ந்து ஒருதரம் பார்த்தாள், அவளுக்கும் பிடித்துப்போனது. இனிப் பெண்வீட்டார் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். அங்கே கை நனைத்தால், அதாவது உட்கார்ந்து சாப்பிட்டால், சம்மதம். இலையில் உட்காராமல் எழுந்து வந்தாலும், வைத்ததை ஒதுக்கிவிட்டு எழுந்தாலும் சம்மதமில்லை என்று அர்த்தம். வாயால் சொல்லவே வேண்டாம்.

“மச்சான் சாப்படற அழகப் பத்தி நானுங் கேள்விப்பட்டிருக்கறனுங்க. அன்னைக்குப் பாத்துருவோம்” என்று குமாரசாமி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“விரதம்னு சொல்லிருங்க” என்றாள் சென்னியம்மாள்.

“விரதம்னா வேற நாளு வெய்ப்பாங்க. நாள் தள்ளுனா என்னமோ ஏதோன்னு நாலு பேரு வெசாரிப்பாங்க.”

“எனக்கு அந்த எடம் வேண்டாமுங்கப்பா” என்றாள் பொன்னாத்தாள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

“நீ சும்மா இரு அம்முணி. ஒரு வேள சோறு. அப்பனக் கொன்னா போட்டுரும்?”

போனார்கள். தலைவாழை இலை. முதலில் வந்ததே ஒப்புட்டு, வெல்லப் பூரணம் தளும்ப, மேலே நெய் ஊற்றி. பையனின் அம்மா குஞ்சம்மாள் தானே பரிமாறினாள். மயில்சாமி ஒப்புட்டைப் பிட்டு மெல்ல மென்றார். ஒன்று முடியும்போது இன்னொன்று விழுந்தது. போதும் என்று கையை மறித்தால் விரலிடுக்கு வழியாக வைத்தாள். நல்ல மனுசி, அதுதான் சங்கடம். கெட்டவள் என்றால் அளந்து வைத்திருப்பாள். சோறு வந்தது, பருப்பு வந்தது, குழம்பு வந்தது. குமாரசாமி எதிரில் உட்கார்ந்து தன் இலையை மறந்து இவர் கையையே பார்த்தார். கிண்ணத்துச் சோறு இறங்குகிற இடத்தில் ஒரு பந்தியையே இறக்க வேண்டியிருந்தது. காதில் இடி இடித்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எழுந்து ஓடவும் முடியாது, உட்கார்ந்திருக்கவும் முடியாது. பக்கத்தில் சின்னண்ணன் மோருக்குக் கை குழித்துக் காத்திருந்தான், ஒன்றும் தெரியாத மகராசன்.

“ஏனுங் மச்சான், இப்பிடி வேர்க்குது?” என்றார் குமாரசாமி.

“கொழம்பு நல்ல காரமுங்க” என்றார் மயில்சாமி. இலையைத் துடைத்த மாதிரி முடித்து, தன் பக்கமாக மடித்து வைத்தார். குஞ்சம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. காடு பார்த்து வருகிறேன் என்று பின்பக்கம் போனவர் சோளத்தட்டுக்குள் மண்டி போட்டுக் கிடந்தார். செத்தாலும் இங்கே சாகக் கூடாது, வீட்டுக்குப் போய்ச் சாக வேண்டும் என்று கொங்கலம்மனை வேண்டிக்கொண்டார். அம்மன் கேட்டாள். கல்யாணம் முடிவானது.

கல்யாணத்தோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தார். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்குப் போகாமல் முடியுமா? ஆடிக்குப் போக வேண்டும், தீபாவளிக்குச் சீர் கொண்டு போக வேண்டும். போனபோதெல்லாம் இலை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒருமுறை மகளிடம் கேட்டார்.

“சொன்னா, நோவ மறச்சுக் கட்டிக் குடுத்தாங்கன்னு எம்பட தலையிலதானுங்கப்பா விழும்” என்றாள். அதன்பிறகு அவர் வாய் திறக்கவில்லை. அந்த வீட்டில் யாராவது தும்மினாலும் பெண்வீட்டு நோய் என்று ஆகிவிடும். தின்றே ஆக வேண்டும், வேறு வழியில்லை. ஒவ்வொரு தடவையும் தின்றார், ஒவ்வொரு தடவையும் வழியில் எங்காவது சுருண்டு கிடந்தார். சென்னியம்மாள் வீட்டில் விளக்கேற்றி வைத்துக் காத்திருந்தாள்.

பேத்தி பிறந்து தவழ ஆரம்பித்திருந்தாள். அவளைப் பார்க்காமல் இருக்க முடியாமல் ஒருநாள் காரணமே இல்லாமல் பஸ் ஏறிப் போய்விட்டார். அன்றைக்குப் பரிமாறியது பொன்னாத்தாள். அகப்பையில் கால்வாசி எடுத்து இலையில் பரப்பி வைத்தாள்.

“ஏஞ் சாமி, உங்கப்பனுக்கு இப்பிடியா கிள்ளி வெய்ப்ப? நம்மூட்ல சோத்துக்கா பஞ்சம்?” என்றாள் குஞ்சம்மாள் அடுப்படியிலிருந்து வந்து. அங்கேயே நின்றாள். பொன்னாத்தாள் அகப்பை நிறைய எடுத்தாள். வைத்தாள். மறுபடியும் எடுத்தாள். அப்பன் முகத்தைப் பார்க்கவில்லை. மகள் கையால் விழுந்த சோற்றை அவர் ஒதுக்கவில்லை.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்சுக்குக் கொண்டுவிட வந்தாள். கொஞ்சதூரம் போனதும் அவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது. அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வேர்த்தது.

“எங்கையாலயே உங்களக் கொல்றனுங்கப்பா” என்றாள். “இனிமே வராதீங்க.”

“வராம எப்பிடி சாமி? என்ன கோளாறுன்னு கேப்பாங்களே?”

“சண்டைன்னு சொல்லிக்கறனுங்க. நகையில ஏமாத்திப்போட்டாருன்னு சொல்லிக்கறனுங்க. பகையானவங்க ஊட்ல யாருங் கை நனைக்க மாட்டாங்கல்லங்க? கூப்பிடவும் மாட்டாங்க, போவலீன்னாலுங் கேக்க மாட்டாங்க.”

மயில்சாமி யோசித்தார். சம்மதம் என்று இலையில் சொன்ன ஊரில், பகை என்றால் போதும், இலை போட மாட்டார்கள். வேறு காரணம் எதுவும் அங்கே செல்லாது. பேத்தி அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாள். இழுத்த கைக்கு முத்தம் கொடுத்தார்.

நிறுத்தத்தில் ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். பஸ் தெரிந்ததும் பொன்னாத்தாள் விலகி நின்று குரலை உயர்த்தினாள்.

“பெத்த புள்ளயவே ஏமாத்துன ஆளு நீங்க! இனி எம்பட ஊட்டு வாசப்படிய மிதிக்காதீங்க, ஆமா!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்ணிலிருந்து கொட்டியதைக் கோபம் என்றே நினைத்தார்கள். அவர் ஏறி உட்கார்ந்தார். பக்கத்து சீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்க, உங்க புள்ளைங்களா? இப்பிடி பேசுது?”

மயில்சாமி ஜன்னல் வழியே பார்த்தார். குழந்தை அவரைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தது. பொன்னாத்தாள் இன்னும் திட்டிக்கொண்டே இருந்தாள்.

“நன்னி கெட்ட புள்ளைங்க” என்றார் அவர். பஸ் கிளம்பியது.