கேப்டன் கைக்குப் போக வேண்டிய பாஸ்போர்ட்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் எங்கள் ஊர் லுக்குட்டில் என் பட்டறையைத் தெரியாத லாரிக்காரன் கிடையாது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். மனுசனையும் அப்படித்தான். என்னை ஏமாற்றியவன் இன்னும் பிறக்கவில்லை என்று காப்பிக் கடையில் சொல்லுவேன். இதுவரை ஒருத்தனும் மறுத்ததில்லை.

என் கடைசி மகள் கப்பல் அதிகாரியாகப் படித்தாள். வகுப்பு முடிந்ததும் பயிற்சிக்காகக் கப்பலில் ஏற வேண்டும். அப்படி ஏறுகிறவர்களைக் கேடட் என்பார்கள். கடலில் இருந்த நாட்களைக் காட்டினால்தான் அடுத்த பரீட்சை. இல்லாவிட்டால் படித்ததெல்லாம் வீண்.

கப்பல் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மகளை வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொன்னேன். ஒரு வரியை மட்டும் மூன்று தடவை கேட்டேன். கப்பலில் ஏறியதும் பாஸ்போர்ட்டைக் கேப்டனிடம் ஒப்படைக்க வேண்டுமாம். எதற்கு என்றேன். எல்லாருமே கொடுப்பார்கள், துறைமுகத்துக்குத் துறைமுகம் இமிகிரேஷன்காரர்கள் வரும்போது கேப்டன் மொத்தமாகக் காட்டுவார் என்றாள். சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

எனக்கு அது சாதாரணமில்லை. கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் அப்பா பால்மரம் வெட்டியபோது, பத்திரமாக இருக்கட்டும் என்று அவருடைய ஐ.சி.யை, அதாவது அடையாளக் கார்டை, தோட்டத்துக் குமாஸ்தாவான கிரானி வாங்கி ஆபீஸ் மேசையில் பூட்டிக்கொண்டார். அப்பாவுக்குச் சிரம்பானில் வேறு வேலை கிடைத்தது. ஐ.சி. கேட்டுப் போனபோதெல்லாம் நாளைக்கு என்றார் கிரானி. அந்த வேலைக்கு வேறொருத்தன் போனான். சாகிறவரை அப்பா கையில் பால்கத்திதான். தாளைக் கேட்கிறவனை நான் எப்படி நம்புவது?

மகள் பையிலிருந்த பாஸ்போர்ட்டை எடுத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, பட்டறையில் கிடந்த பழைய கியர் பெட்டிக்குள் போட்டேன். நல்ல கம்பெனியாக இருந்தால் தேடி வந்து பேசட்டும் என்பது என் கணக்கு. லாரிப் பட்டறைக்காரன் புத்தி. கிளீனர் வராவிட்டால் லாரிக்காரன் வண்டியை எடுக்க மாட்டான், காத்திருப்பான். கப்பலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

வீட்டையே புரட்டிப் போட்டாள். என் மனைவி அரிசி வாளிக்குள்கூடக் கைவிட்டுப் பார்த்தாள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன். இதை எழுதவே பிடிக்கவில்லை.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து அவள் இல்லாமலே கப்பல் புறப்பட்டது. அவள் இடத்தில் வேறொரு பெண் ஏறினாள். அடுத்த கப்பல் எப்போது என்று தெரியாதாம். போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் பட்டறைக்குப் போய்ப் பாஸ்போர்ட்டை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன்.

அழவில்லை. எண்ணெய்ப் பிசுக்கைச் சட்டைக் கையால் துடைத்தாள்.

"உங்க அப்பாவுக்குக் கிரானி செஞ்சத எனக்கு நீங்க செஞ்சிட்டீங்கப்பா."

 

ஐந்து மாதம் வீட்டில் இருந்தாள். பாஸ்போர்ட் மட்டும் வீட்டில் இல்லை. பெடாஸில் இருக்கும் தோழியிடம் கொடுத்து வைத்திருந்தாள். அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

மறுபடி கடிதம் வந்தது. அதிலும் அதே வரி. இந்தத் தடவை கிள்ளானுக்கு நானே வண்டி ஓட்டினேன். துறைமுக வாசலுக்குக் கப்பல் அதிகாரி ஒருவர் வந்தார். ரொம்ப மரியாதையாகப் பேசினார், அதனாலேயே சந்தேகம் கூடியது. நெஞ்சில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் போனில் படம் பிடித்துக்கொண்டேன். என் மகள் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டால் எத்தனை நாளில் கொடுப்பீர்கள் என்றேன்.

"கேட்ட நேரத்துல, அங்கிள்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சிரிக்காமல் சொன்னார். மகள் என்னைப் பார்க்காமல் வாசலைத் தாண்டினாள்.

இப்போது எந்தக் கடலில் இருக்கிறாளோ. லைன் கிடைக்கும்போது அம்மாவிடம் பேசுவாள். நான் குறுக்கே புகுந்து, பாஸ்போர்ட்டைக் கேட்டுப் பார்த்தாயா என்பேன். பதில் வராது. போன வாரம் ஒரு படம் அனுப்பினாள். கப்பல் கம்பி ஓரமாக அவள் கை, கையில் பாஸ்போர்ட், உள்பக்கம் விரித்தபடி. படத்தைப் பெரிதாக்கி, நான் முன்பே குறித்து வைத்திருந்த நம்பரோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அடுத்த துறைமுகத்திலும் ஒரு தடவை கேட்டுப் பார் என்று குரல் பதிவில் சொல்லி அனுப்பினேன்.